சத்தம் தாங்காமப் போனவ

தம்பி, அந்தச் சீட்டுக்கு ஆளு வருதுங்களா? இல்லீங்களா? அப்பச் சித்த நகுந்துக்குங்க. ஆங், போதும். காதுல என்னமோ மாட்டியிருக்கறீங்களே, அதைக் கழட்டுனீங்கன்னா சௌரியமா இருக்கும். நான் பேசறது உங்களுக்குக் கேக்கோணுமில்ல. பாட்டு எங்க போகுது, நாளைக்குக்கூடக் கேக்கலாம். நீங்க தாராபுரமுங்களா? நான் குண்டடத்துல எறங்கிக்குவனுங்க. அங்க எங்க மச்சினன் தோட்டம் இருக்குது. எங்கூட்டுக்காரி அங்கதான் இருக்கறா. போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. கூட்டிட்டு வரலாம்னு போறேன். வருவாளா மாட்டாளான்னு தெரியாமப் போறேன், அதுதான் வெசனம்.

சண்டையெல்லாம் இல்லீங்க. எங்களுக்குக் கல்யாணமாயி இத்தன வருசத்துல அவ குரலு கூடி யாரும் கேட்டதில்லை. அவ சத்தம் தாங்காமப் போனா. ஆமாங்க, சத்தந்தான். எங்க ரோட்டுக்கு ரேஸ் டிராக்கு கொண்டாராங்க, அதுல வந்த வினை. டிராக்கு இன்னுங் கட்டலைங்க. ஒரு செங்கல்லு வெக்கலை. போர்டு ஒண்ணை நட்டு வெச்சிருக்கறான், அவ்வளவுதான். அதுக்குள்ளயே போயிட்டா. நீங்க சிரிக்கறீங்க. சிரிக்காதீங்க தம்பி, முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

நம்மளுக்குச் சிங்காநல்லூருக்கு அக்கட்ட, கனகாம்பிகா மில் ரோடு. அங்க வந்து வெள்ளியங்கிரி சவுண்ட் சர்வீஸுன்னு கேட்டீங்கன்னா சின்னக் கொழந்தைகூடக் கை காட்டும். வெள்ளியங்கிரி நாந்தானுங்க. கல்யாணம், சீரு, நோம்பி, கட்சிக் கூட்டம், எதுன்னாலும் நம்ம ரேடியோக் குழாதான் கட்டோணும். கீழ கடை, மேல ஊடு. பொழப்புக்கு அலையற சோலியே இல்லை. படியெறங்குனா வேலை, படியேறுனா சோறு. மயிலாத்தா குடுத்து வெச்சவன்னு ஊரே சொல்லும். மயிலாத்தாங்கறது எங்கூட்டுக்காரி பேரு.

அந்த மில்லு பூட்டி வருசக்கணக்காச்சு. ஓடற காலத்துல ராத்திரி பகல்னு இல்லாம மெசினு ஓடும். சுவத்துல கையை வெச்சா சுவரு நடுங்கும். அதுக்குள்ளதான் நாங்க பொறந்தோம், வளந்தோம், தூங்குனோம். மில்லை நிறுத்துன அன்னைக்கு எங்க ரோட்டுல ஒரு ஊட்லயும் ஒருத்தருந் தூங்கலைங்க. சத்தம் நின்னு போச்சேன்னு எல்லாரும் எந்திரிச்சு வந்து வாசல்ல நிக்கறோம். ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்துக்கறோம். அப்பறம் ஒவ்வொருத்தனா வெளியூரு போயிட்டான். இப்ப மில்லுக்குள்ள வேலமுள்ளு மண்டிக் கெடக்குது. பாம்பு வருது, மயிலு வருது.

அந்த எடத்தைத்தான் பெங்களூருப் பார்ட்டி ஒருத்தன் வாங்கிட்டான். ரேஸ் டிராக்குப் போடறானாம். தரையோட தரையா ஒட்டிக்கிட்டு ஓடுமே சின்னக் காரு, அதுவும் பொறவு பைக்கு ரேஸும். சனி ஞாயிறு மட்டுந்தான் ஓடும்னான். அதுக்குப் பதுலா மில் ரோட்டை அகலம் பண்ணித் தாரேன், சாக்கடை கட்டித் தாரேன், முன்னால வரிசையாக் கடை கட்டி உள்ளூரு ஆளுகளுக்கே வாடகைக்குத் தாரேன், பசங்களுக்கு மெக்கானிக் வேலை தாரேன்னு அடுக்குனான். ஆபீசருங்க வந்து சனங்ககிட்டக் கருத்துக் கேட்டுத்தான் அனுமதி குடுப்பாங்களாம். அதுக்கு முன்னால நம்ம ஒரு முடிவுக்கு வரலாம்னு மாரியம்மன் கோயில் மைதானத்துல கூட்டம் போட்டோம். மைக் செட்டு நம்மளுதுதான்.

சத்தம் ஆகாதுன்னு நான் முன்னாலயே ரோடு பூராவும் சொல்லி வெச்சிருந்தேன். முதல்ல ஆறுச்சாமி எந்திரிச்சான். மில்லு வாசல்ல பேக்கரி வெச்சிருக்கறான். ஷிப்டு உட்டா அவன் கடையில கால் வெக்க எடமிருக்காதுங்க ஒரு காலத்துல. இப்ப ஈ ஓட்டறான். மைக்கைப் புடிக்கத் தெரியாது அவனுக்கு, வாய்க்குள்ள போட்டுக்கறான். ஆனாப் பேசுனான் பாருங்க.

"ஏண்டா வெள்ளியங்கிரி, சத்தம் சத்தம்ங்கறயே. மில்லுச் சத்தத்துலதானடா நம்ம எல்லார்த்து ஊட்லயும் அடுப்பெரிஞ்சுது? சத்தம் நின்னப்பத்தானடா வயிறு காஞ்சுது? மறுபடியும் ஒருத்தன் வந்து சத்தம் போடறேங்கறான். வேண்டாங்கறயே, நீயா எங்கிட்டப் பன்னு வாங்கித் திங்கறவன்?"

சனம் கை தட்டுது. எனக்கு வாயடைச்சுப் போச்சுங்க. ஒரு நிமிசந்தான், நமக்கெல்லாம் அதுக்கு மேல அடைக்காது. அதுக்குள்ள பால் ஊத்தற பழனாத்தா எந்திரிச்சிருச்சு. அதோட பையன் ஓசூர்ல ரூம் எடுத்துத் தங்கி கம்பெனிக்குப் போறான். "வாரத்துக்கு ஒருக்கா போன்ல மொகத்தைக் காட்டறான். இங்கயே வேலைன்னா எங்கண்ணு முன்னால இருப்பான். சத்தம் வந்தா காதுல பஞ்சு வெச்சுக்கறேன். மில்லுல வெக்காத பஞ்சா?"ன்னுது. அதுக்கும் கை தட்டுனாங்க.

எதுத்துப் பேசுனது குணவதி டீச்சருதான். ரிட்டயர்டு ஆனவங்க, எங்க ரோட்டுச் சங்கத்துக்குத் தலைவரு. படிக்கற புள்ளைக இருக்குது, நெஞ்சு வலிக்காரங்க இருக்கறாங்க, ரோடு அகலமானா நம்ம வாசல்தான் போகும்னு நெதானமாச் சொன்னாங்க. நல்லாத்தான் சொன்னாங்க, ஆனாச் சத்தம் பத்தலை. பின்னால இருந்தவனுக்கு ஒண்ணுங் கேக்கலை. நானே ஆம்பிளிபயரைத் திருகித் திருகிப் பாத்தேன். பேசறவங்க தொண்டையில இல்லாததை மெசினு எங்க இருந்துங்க கொண்டாரும்?

அப்பறம் நான் புடிச்சனுங்க மைக்கை. "எங்கூட்டுக்காரிக்கு ஒத்தத் தலைவலி. ஒரு சின்னச் சத்தம் ஆகாது. இப்பவே இப்படி, நாளைக்கு இந்த ரேஸ் வண்டி வந்தா அவ உசுரோட இருப்பாளா?"ன்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கே. நெசமாலுமே ஒத்தத் தலைவலிதானுங்க அவளுக்கு. இன்ன நேரம்னு இல்லை. பெரும்பாலும் பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துல வரும், நான் கடையில செட்டையெல்லாம் டெஸ்ட் பண்ற நேரம் பாத்து வரும். துண்டை நனைச்சுத் தலையில கட்டிட்டு ஜன்னலைப் பூட்டிட்டுப் படுத்துக்குவா. பாக்காத வைத்தியம் இல்லை. டவுன்ல ஒரு டாக்டரு, "அமைதியான எடமாப் பாத்து வெச்சுக்கங்க"ன்னாரு. எங்க ரோடு மாதிரி அமைதி எங்கீங்க இருக்குது? மில்லே பூட்டியாச்சு.

கூட்டத்துல முடிவு ஆகலை. பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். சரி, இதை நம்மதான் கையில எடுக்கோணும்னு தீர்மானம் பண்ணிட்டேன். ஒரு பைசா யார்கிட்டயும் வாங்கலைங்க. கையில இருந்த குழா பூராவும் எடுத்துட்டுப் போயி மில் ரோட்டுல ஒரு கம்பம் உடாமக் கட்டுனேன். காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா நானே பேசுவேன். எழுதி வெச்சுப் பேசற பழக்கம் இல்லை, அது பாட்டுக்கு வரும். "அன்பார்ந்த மில் ரோடு வாழ் பெருமக்களே! சத்தம் என்பது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு! அது உங்கள் காதில் புகுந்து, மூளையில் புகுந்து, குடும்பத்திலும் புகுந்துவிடும்! விழித்துக்கொள்ளுங்கள்!" சிங்காநல்லூரு வரைக்கும் கேட்டுதுன்னு சொல்லிக்கிட்டாங்க.

ஆனா வாயில சொன்னாச் சனத்துக்குப் புரியாதுங்க. அனுபவிச்சாத்தான தெரியும்? போன்ல தேடி, பைக்கு ரேஸு ஓடற சத்தத்தை அப்படியே எறக்கி, பொழுதோட பேச்சு முடிஞ்சொடனே அதைப் போட்டு உட்டேன். முழு வால்யூம். உர்ருன்னு வந்து விய்ய்ங்னு போகும், மறுபடியும் உர்ருன்னு வரும். ரோட்டுல இருந்த நாயெல்லாம் மில்லுக்குள்ள ஓடிருச்சு. பழனாத்தா ஊட்டு எருமை பால் கறக்க உடலையாம், என்னைத் திட்டுது. "பாத்தியா, பதிவு பண்ணுன சத்தத்துக்கே இப்படி, நெசச் சத்தம் வந்தா எருமை செத்தே போகும்"னேன். தினமும் போட்டனுங்க. ஒரு நாள் தவறலை. நம்ம கஷ்டப்பட்டாத்தான் சனம் நல்லாருக்கும்.

குணவதி டீச்சரு கடைக்கு வந்தாங்க. "வெள்ளியங்கிரி, உங்க நோக்கம் எனக்குப் புரியுது. ஆனாப் பரீட்சை நேரமுங்க. சத்தத்தைச் சித்த கொறைச்சுக்கலாமா?"ன்னாங்க.

"சத்தத்தைக் கொறைக்கத்தானுங்க டீச்சர் நான் இத்தன பாடு படறேன்"னேன்.

அவங்க எம்மொகத்தையே பாத்துட்டு நின்னாங்க. கொடையை விரிச்சுட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கே எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. பெங்களூருக்காரன் இவங்களையும் வளைச்சுப் போட்டுட்டான்னு.

மயிலாத்தாளுக்கு அந்த நாள்ல தலைவலி எச்சாயிருச்சு. எப்படி ஆகாம இருக்கும், டிராக்கு வரப்போகுதுங்கற பயம். சோறு போடறப்பக்கூட வாயைத் தொறக்க மாட்டா. கையிலயே கேப்பா, கொழம்பா ரசமான்னு. நானும் கையிலயே சொல்லுவேன். அத்தன பயம் அவளுக்கு. ஒருநாள் கிட்ட வந்து, "ஏனுங்க, போதும், அந்தக் குழாயெல்லாம் அவுத்துப் போடுங்க. எனக்கு முடியலை"ன்னா. அவ மனசு எனக்குத் தெரியாதுங்களா? நான் அலையறது அவளுக்குத் தாங்கலை. புருசன் ஒடம்பு என்னாகறதுன்னு கவலை. "அம்மிணி, நீ ஒண்ணுக்கும் வெசனப்படாத. எனக்கு ஒண்ணும் ஆகாது. உனக்காகத்தான் இதெல்லாம்"னு சொல்லி, இன்னும் ரெண்டு குழா எச்சாக் கட்டுனேன். பக்கத்துலயே கட்டுனேன், எங்கூட்டு மொட்டை மாடியில. நான் நல்லா இருக்கறேன்னு அவளுக்குத் தெரியோணுமில்ல.

அப்பத்தானுங்க மீட்டர்க்காரன் வந்தான். சின்னப் பையன், தோள்ல பையி. கோயில் முக்குல மூணு கால் ஸ்டாண்டு ஒண்ணை நிறுத்தி, அது மேல மைக்கு மாதிரி ஒரு சாமானத்தை வெச்சுட்டு உக்காந்துட்டான். என்னப்பான்னா, சத்தத்தை அளக்கறேங்கறான். கருத்துக் கேக்கறதுக்கு முன்னால மூணு நாளைக்கு அளக்கோணுமாம். எனக்கு ஒடனே புரிஞ்சு போச்சு. சனங்களோட எதுப்பு எத்தன பலமா இருக்குதுன்னு பாக்கறான். பின்ன எதுக்குங்க, மில்லு பூட்டிக் கெடக்கற எடத்துல வந்து சத்தத்தை அளப்பான்?

உட்டனா? விடிஞ்சதுல இருந்து அடையற வரைக்கும் போட்டேன். பேச்சு, பொறவு பைக்குச் சத்தம், மறுபடியும் பேச்சு. ஒரு குழாயை மட்டும் திருப்பி அந்த மீட்டரைப் பாத்த மாதிரியே கட்டுனேன். டீ, வடை எல்லாம் நம்ம செலவு. பையன் காதைப் பொத்திக்கிட்டு, "அண்ணா, இங்க எப்பவுமே இப்படித்தானா?"ன்னு கேட்டான்.

"எப்பவுமே இப்படித்தான் தம்பி! ஒரு நாளும் ஓய மாட்டோம்! எழுதிக்க!"ன்னேன். அவனும் எழுதிக்கிட்டான்.

மூணாவது நாளுதான் மயிலாத்தா போனது. நான் கடை வாசல்ல மைக்கோட நிக்கறேன். நல்ல வேகத்துல போயிட்டிருக்குது பேச்சு. அவ படியெறங்கி வந்தா. கையில பையி. எங்கிட்ட வந்து என்னமோ சொன்னா. வாயசையறது தெரியுது, குழாச் சத்தத்துல ஒண்ணுங் கேக்கலை. கடைக்குப் போறா போலன்னு நெனைச்சு நானும் தலையை ஆட்டுனேன். அவ அங்கயே நின்னா. மறுபடியுஞ் சொன்னா. நான் மறுபடியும் ஆட்டுனேன். பேச்சு நடுவுல நிறுத்துனா மீட்டர்ல எறங்கிருமில்லீங்க. அப்பறம் போயிட்டா. பொழுதுக்குங் காணோம். மச்சினன் போன் பண்றான், "மாமா, அக்கா இங்க வந்திருக்குது. உங்ககிட்டச் சொல்லீட்டுத்தான் வந்தேங்குது. நீங்களும் சரின்னீங்களாமே"ன்னு. நான் என்னத்தைச் சொல்றது? எதுக்குச் சரின்னேன்னு எனக்கே தெரியலை. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலைங்க.

நான் என்ன நெனைச்சேன்னா, கருத்துக் கேப்புல ஜெயிச்சுட்டா அவ தானா வந்துருவான்னு நெனைச்சேன். அது கல்யாண மண்டபத்துல நடந்துது. ஆபீசருங்க மேடையில, பெங்களூருக்காரன் ஒரு ஓரத்துல. மைக் செட்டு நம்மளுதுதான், வேற யாரு கட்டறது. கடைசி வரிசையில உக்காந்திருக்கறவனுக்குக்கூட மேடையில மூச்சு உடறது கேட்டுது, அப்படிக் கட்டியிருந்தேன். ஒரு ஆபீசரு எந்திரிச்சுச் சொல்றாருங்க, "இந்தப் பகுதியில் இப்போதே இருக்கும் சத்தம், வரப்போகும் பந்தயத் தடத்தின் சத்தத்தைவிட மிக அதிகம். தடத்தைச் சுற்றி மதில் கட்டிவிட்டால் கூடுதல் பாதிப்பு எதுவும் இருக்காது"ன்னு.

மண்டபமே சிரிச்சுதுங்க. ஆறுச்சாமி சேர்ல இருந்து உழுந்து சிரிக்கறான். எதுக்குச் சிரிக்கறாங்கன்னே எனக்குப் புரியலை. என்ன அக்கிரமம் பாருங்க தம்பி. மில்லு பூட்டுன ஊரு, மயிலு வந்து ஆடற ஊரு, அங்க வண்டியைவிடச் சத்தம் எச்சாம்! காசு வாங்கிட்டு எழுதிட்டான் அந்த மீட்டர்க்காரன். எங்கையில வடை வாங்கித் தின்னவன். எம்பட மைக்குலயே, எம்பட செட்டுலயே, எனக்கு எதுராச் சொல்றாங்க. அது வேற கணீர்னு கேக்குது.

பொறவு கையைத் தூக்கச் சொன்னாங்க. டிராக்கு வேணுங்கறவங்க தூக்குங்கன்னா, போன கூட்டத்துல நம்ம பக்கம் இருந்தவங்கல்லாம் தூக்கறாங்க. குணவதி டீச்சரும் தூக்குனாங்க! ஓடிப்போயி, "டீச்சர், நீங்களுமா?"ன்னேன்.

"ரேஸ் வாரத்துக்கு ரெண்டு நாளுதானுங்க வெள்ளியங்கிரி"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

ரெண்டு நாளுன்னாச் சத்தம் இல்லைன்னு ஆயிருமுங்களா? படிச்சவங்க பேசற பேச்சுங்களா அது? எத்தன நாள் நான் தொண்டை வறளக் கத்துனேன், அவங்க பேரப்புள்ளைகளுக்கும் சேத்துத்தான கத்துனேன்? மறுநாளே போலீஸ்காரங்க வந்து, இந்த மாதிரிக் குழாக் கட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுன்னு பூராத்தையும் அவுத்துட்டுப் போயிட்டாங்க. புகார் குடுத்தது யாருன்னு கேட்டா, "ரோடே"ன்னாரு ஏட்டு. ரோடு பூராவும் கையெழுத்துப் போட்டிருக்குதாம். பாத்தீங்களா, ஒரு மனுசன் நல்லது பண்ணுனா என்ன கெடைக்குதுன்னு. ஆறுச்சாமி அன்னைக்குக் கடையில எல்லாத்துக்கும் தேங்காய்ப் பன்னு சும்மாவே குடுத்தானாம். எனக்கும் ஒண்ணு குடுத்தனுப்பியிருக்கறான். நான் தொடலை.

இப்ப ஊட்ல நான் மட்டுந்தான். கடையைத் தொறந்தாலும் தொறப்பேன், இல்லாட்டி இல்லை. மேல ஏறுனா அடுப்பு சில்லுன்னு இருக்குது. அவ பொடவை கொடியில தொங்கறது தொங்கறபடி கெடக்குது. எனக்கு அதை மடிச்சு வெக்கத் தெரியலை. பயமா இருக்குதுங்க தம்பி, சொல்றதுக்கென்ன. ஆம்பளை இதைச் சொல்லலாமோ என்னமோ, பயமா இருக்குது.

ஆனாச் சும்மா இருக்கலை நான். அவ வந்தா நிம்மதியா இருக்கோணும்னு மேல மில்லுப் பக்கத்து ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி போட்டுட்டேன். நகையை வெச்சுத்தான் போட்டேன், போனாப் போகுது. மில்லுக்குள்ள வெடியே வெச்சாலும் உள்ள கேக்காதுன்னு கண்ணாடிக்காரன் சொன்னான். என்னுங்க? கடைப் பக்கத்து ஜன்னலுங்களா? அது எதுக்குங்க, அங்க என்ன சத்தம் இருக்குது? அங்க நான்தான் இருக்கறேன்.

இதையெல்லாம் அவகிட்டச் சொல்லோணும். போன்ல சொல்லலாம்னா, நான் ஆரமிச்சாலே "சரி, வெச்சரட்டுமா"ங்கறா. நேர்ல போயி உக்காந்து முதல்ல இருந்து சொன்னா அவளுக்குப் புரியும். உங்களுக்குப் புரிஞ்சுதில்ல? அது மாதிரி.

இதென்ன, பல்லடம் வந்துருச்சுங்களா? டிரைவரு டீக்கு எறங்கறாரு. எஞ்சினை நிறுத்தாம எறங்கறாரு பாருங்க, டீசல் யாரு ஊட்டுது? இருங்க, இவ போன் பண்றா. மயிலாத்தாளுங்க! அவளாவே பண்றா!

ஹலோ! அம்மிணி! நான் பஸ்ஸுல வாரேன்! பல்லடம்! பல்லடத்துல நிக்குது! என்னது? கேக்கலை! சத்தமாப் பேசு! இந்த எஞ்சின் எரைச்சல்ல ஒண்ணுமே கேக்கலை அம்மிணி! சத்தமா!

இந்தாங்க தம்பி, நீங்க சித்த வாங்கிக் கேளுங்க. வெள்ளியங்கிரி பக்கத்துலதான் இருக்கறாருன்னு சொல்லுங்க. என்னுங்க சொல்றா? வரச் சொல்றாளா? வரச் சொல்றா! பாத்தீங்களா, நான் சொன்னனல்ல, எம்மேல அவளுக்குக் கோவமே இல்லை. இன்னும் என்னமோ சொல்றா போல இருக்குதே, கேளுங்க, கேளுங்க. என்னது? வந்து வாயைத் தொறக்காம உக்காரோணுமா? நல்லாக் கேட்டீங்களா? எத்தன நேரத்துக்குன்னு கேளுங்க. அவ பேசி முடிக்கற வரைக்குமா?

அவ பேசப் போறாளாமா? அவளுக்குப் பேசறதுக்கு என்னுங்க இருக்குது? வெச்சுட்டாளா. குடுங்க.

இல்லீங்க, உங்க மேல கோவமில்லை. என் காதுல ஒண்ணுங் கேக்கலை, உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுதுன்னுதான் பாக்கறேன். இத்தன எஞ்சின் எரைச்சல்ல. என்னுங்க? நிறுத்திட்டாரா? எறங்கறப்பவே நிறுத்திட்டாரா? சாவியைக் கையோட எடுத்துட்டுப் போனாரா?

அப்ப இங்க 'ஙொய்'னு கேட்டுட்டே இருக்குதே, இது என்னுங்க?

உங்களுக்குக் கேக்கலையா?

தம்பி, ஒரு ஒதவி. குண்டடத்துல எங்கூட எறங்குங்க. தாராபுரத்துக்கு அடுத்த பஸ்ஸு பின்னாலயே வரும், டிக்கெட்டு நான் எடுத்துத் தாரேன். தோட்டம் ரோட்டு மேலயேதான், நடக்க வேண்டியதில்லை. அவ மெதுவாத்தான் பேசுவா. எப்பவுமே மெதுவாத்தான் பேசுவா. நீங்க எம்பக்கத்துல உக்காந்துக்கங்க. நான் வாயைத் தொறக்க மாட்டேன். அவ சொல்லச் சொல்ல, என்ன சொல்றான்னு மட்டும் நீங்க எங்காதுல சத்தமாச் சொல்லுங்க.